செம்பிக்கு ஒரு வாய் அசை

மாட்டுப் பொங்கலன்று விடியும்போது மாடு எழுந்து நிற்கவில்லை என்றால் அந்த வீட்டில் யார் தொண்டையில் காப்பி இறங்கும்? அல்சூர் ஏரிக்குப் பின்புறம், பால்காரர்கள் வரிசையாகக் கொட்டாய் போட்டிருந்த சந்தில், ஆதிகேசவன் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. கொம்புக்குப் பூசக் கரைத்து வைத்த நீலச் சாயமும் காவியும் கொட்டாங்குச்சியில் அப்படியே இருந்தன. செம்பி கால்களை மடக்கி, கழுத்தை இடப்பக்கம் திருப்பித் தன் விலாவையே பார்த்தபடி படுத்துக் கிடந்தது. மூக்கு காய்ந்திருந்தது. வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது.

செம்பி சிந்து ஜாதி மாடு. ஈன்று இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பால் தூக்கில் வந்தால் தண்ணீர். மாடு வாசலுக்கு வந்து கண்ணெதிரே கறந்தால்தான் பால். அதனால் ஆதிகேசவன் தினமும் விடிகாலையில் செம்பியை ஓட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போவான். கன்றுக்குட்டி பின்னாலேயே ஓடும். அந்த வீட்டில் கறவை என்று இருந்தது அது ஒன்றுதான். செம்பி விழுந்தால் குடும்பமும் கூடவே விழும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏந்திரும்மா. ஊரே உன்னப் பாக்கக் காத்துக்கினு இருக்குது," என்று ஆதிகேசவன் அதன் முதுகைத் தட்டினான். பிறகு வாலை முறுக்கிப் பார்த்தான். செம்பி முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்து, குடித்தவன் போலத் தள்ளாடி மறுபடி சரிந்தது.

அவன் பெண்டாட்டி முத்தம்மா சாணிக் கூடையோடு பின்பக்கம் நின்றாள். சாணி எடுப்பது அவள் வேலை. அன்று அது சாணியாகவே இல்லை. தண்ணீராகக் கழிந்து, புளித்த மாவு வாடை வீசியது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதில் பாசிப்பருப்புத் தோல் மிதந்தது. ஊதிப்போன திராட்சை ஒன்று, பாதி முந்திரி ஒன்று. புருஷன் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் தென்னந்துடைப்பத்தால் எல்லாவற்றையும் கூடைக்குள் தள்ளிக் கொண்டுபோய்க் கொல்லை எருக்குழியில் கூடையோடு வைத்து, மேலே சாம்பலை அள்ளித் தூவினாள். மாட்டுக்கு என்ன வந்தது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முத்தம்மா தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய மனுஷன். அந்த வீட்டில் வளர்த்த ஒரே ஜீவன் ஒரு கோழி. அதையும் பக்கத்து வீட்டுக்காரன் அடித்துத் தின்றுவிட்டான். அப்படிப்பட்டவள் பால்காரன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மாதத்திலேயே, அவள் கையால் தீனித் தாள் போட்ட எருமை ஒன்று தொண்டை வீங்கிச் செத்தது. தொண்டை அடைப்பான் நோய், அந்த வருஷம் சந்தில் பாதி மாடு அதில்தான் போனது என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமியார் கணக்கு வேறு. "இவ கை தீனிக்கு ஆவாது," என்றாள். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்தச் சொல் மட்டும் கொட்டாயை விட்டுப் போகவில்லை.

ஆதிகேசவன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிறவனும் இல்லை. ஆனால் தீனித் தொட்டிப் பக்கம் அவள் போனால், "நீ வுடு, நான் பாத்துக்கிறேன்," என்பான். ராகித் தாளை நறுக்குவது, பிண்ணாக்கை ஊறவைப்பது, பூசாத் தவிட்டைப் பிசைந்து வைப்பது எல்லாம் அவனேதான். காய்ச்சலில் கிடந்த நாளில்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்து தொட்டியில் தாள் போட்டான். அவளுக்கு மிஞ்சியது சாணியும் மூத்திரமும், வீடு வீடாகப் போய்க் கழுநீர் வாங்கி வருவதும். அந்த 'நீ வுடு' அவளுக்கு வருஷக்கணக்காகத் தொண்டையில் சிக்கிய முள்.

முந்தின நாள் பொங்கல். கழுநீர் வாங்கப் போன வீடுகளில் எல்லாம் கழுநீரோடு நிற்கவில்லை. மாட்டுக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று ஒவ்வொரு வீட்டம்மாவும் வெண்பொங்கலையும் சர்க்கரைப் பொங்கலையும் வாரி வாரிப் போட்டார்கள். கோயில் தெருக் கோமுட்டி வீட்டில் பானையையே கவிழ்த்தார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஜோசஃபின் டீச்சர்கூட, "செம்பிக்கு என் பங்கு," என்று ஒரு குண்டான் பாயசம் ஊற்றினாள். முத்தம்மா இரண்டு நடை நடந்தாள். இரண்டு தவலை நிறைந்தது.

மற்ற வருஷங்களில் ஆதிகேசவன் அதில் ஒரே ஒரு கரண்டி எடுத்துத் தவிட்டில் கலந்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஏரி மீனுக்குப் போட்டுவிடுவான். முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டில் இல்லை. தாளை வரிசையாகப் பரப்பிக் கொளுத்தி மாடுகளைத் தாண்டவிடும் கிச்சு நடக்கிற திடலுக்கு, யாருடைய காளைகளையோ பிடிக்கப் போயிருந்தான். பிள்ளைகள் இரண்டும் தங்கவயலில் மாமன் வீட்டில். கொட்டாயில் செம்பியும் கன்றும் முத்தம்மாவும்தான். வெல்ல வாசனைக்குச் செம்பி கழுத்தை நீட்டித் தவலையின் வாயை முகர்ந்தது. அவள் ஒரு கை அள்ளி நீட்டினாள். அது தின்றுவிட்டு அவள் மணிக்கட்டு வரைக்கும் நக்கியது. இத்தனை வருஷத்தில் அவள் கையை ஒரு மாடு அப்படி நக்கியதே இல்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தின்னட்டுமே, நாளும் கிழமையுமாக என்று முதல் தவலையைத் தொட்டியில் கவிழ்த்தாள். அது ஆனதும் இரண்டாவதையும் கவிழ்த்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது முள்வேலிக்கு அந்தப் பக்கம் கீரைத் தோட்டத்து லட்சுமம்மா கீரைக்கட்டுப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. முத்தம்மா அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். லட்சுமம்மா சிரிக்கவில்லை.

இப்போது மாடு கிடந்த கிடையைப் பார்க்க முனியப்பன் வந்து சேர்ந்தான். ஆதிகேசவனின் சிநேகிதன், ஜட்கா ஓட்டுகிறவன். குதிரையைத் தவிர எந்த மிருகத்தையும் அறியாதவன். ஆனால் எல்லா மிருகத்துக்கும் வைத்தியம் சொல்வான். சுற்றி வந்து எச்சிலைப் பார்த்தான். கழிச்சலைப் பார்த்தான்.

"இது விஷம்டா கேசவா. பக்கா விஷம். யாரு தோட்டத்துல பூச்சி மருந்து அடிச்சாங்கன்னு உனக்கே தெரியும்."

அது ஒன்றுமில்லாத பேச்சும் இல்லை. சீனச் சண்டைக்கு அப்புறம் பட்டாளத்து மைதானத்தில் புதுசாகக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மேய்ச்சல் என்று மாடுகளுக்கு மிஞ்சியது ஏரிக்கரைப் புல்தான். அந்தப் புல்லை ஒட்டித்தான் லட்சுமம்மாவின் கீரைத் தோட்டம். செம்பி இரண்டு தரம் அவள் பாத்தியில் வாய் வைத்து, இரண்டு தரமும் சந்தே கூடி வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை நடந்திருந்தது. போன வாரம் அவள் கீரைக்கு ஏதோ நாற்றம் பிடித்த மருந்தை அடித்துவிட்டு, இனிமேல் வாய் வைக்கும் மாட்டுக்குத் தான் ஜவாப்தாரி இல்லை என்று எல்லார் காதிலும் விழக் கத்தியிருந்தாள்.

ஆதிகேசவன் முகம் கறுத்தது. முத்தம்மா வாயைத் திறந்தாள். நான்தான் என்கிற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே மாமியாருடைய குரலும் வந்தது. இன்று சொன்னால் செத்துப்போன அந்த எருமையும் சேர்ந்து அவள் தலையில் விழும். இனி அவள் சாணிக்குக்கூட ஆக மாட்டாள். "ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஆள் போயிற்று. அதற்குள் முனியப்பன், விஷத்தை முறிக்க வயிற்றில் தெம்பு வேண்டும், ராகிக் கூழில் வெல்லம் போட்டு ஊற்று என்றான். ஆதிகேசவன் தானே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சினான். மூங்கில் குழாயில் கூழை நிரப்பிக்கொண்டு அவன் வந்தபோது முத்தம்மா குறுக்கே வந்து நின்றாள். வெடிக்கிற மாதிரி இருக்கிற வயிற்றுக்குள் இன்னும் மாவா?

"வாணாங்க. டாக்டர் வரட்டும்."

"உனக்கு இன்னா தெரியும்? நீ வுடு."

முனியப்பன் செம்பியின் தலையைத் தூக்கிப் பிடித்தான். ஆதிகேசவன் குழாயைக் கடைவாயில் செருகிச் சாய்த்தான். பாதி உள்ளே போயிற்று, பாதி மூக்கில் வந்தது. செம்பி இருமியது, பிறகு அடித்தொண்டையிலிருந்து முனகியது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதற்கு எமன் என்று முத்தம்மா நினைத்தாள். நினைத்தும் வாய் வரவில்லை. மனுஷப் பயம் அப்படி.

அடுத்த குழாயை அவன் நிரப்பும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. டாக்டர் ஸ்ரீகண்டன் பண்டிகை வேட்டியோடு, காரியரில் தோல்பையோடு வந்து இறங்கினார். லீவு நாளில் கூப்பிட்ட கடுப்பு முகத்தில் இருந்தது. கூழைப் பார்த்ததும் அது கோபமாகவே ஆயிற்று.

"யாருய்யா கூழ் ஊத்தச் சொன்னது? கீழ வையி அத."

அவர் மாட்டின் பக்கத்தில் குந்தினார். கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். இடது விலாப் பள்ளத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். அங்கே முஷ்டியை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் அழுத்தியது போல அந்தக் குழி அப்படியே நின்றது.

"என்ன சாப்ட்டுச்சு?"

"எப்பவும் போலத்தான் சார். தாளு, பூசா, புண்ணாக்கு. நேத்து மத்தியானம் நானே என் கையால வச்சேன்."

"பொங்கல் கிங்கல் ஏதாவது?"

"நம்ம கொட்டாயில அந்த வழக்கமே இல்ல சார். ஒரு கரண்டிக்கு மேல நான் வுடவே மாட்டேன்."

முனியப்பன் இடையில் புகுந்து கீரைத் தோட்டத்துக் கதையைச் சொன்னான். அந்த மருந்து என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். பேர் தெரியவில்லை, டப்பாவில் மண்டை ஓடு போட்டிருந்ததை மட்டும் பார்த்திருக்கிறான். டாக்டர் எழுந்து நின்று நெற்றியைத் துடைத்தார்.

"இதோ பாருப்பா. எச்சில், கழிச்சல், தள்ளாட்டம் மூணும் ரெண்டுலயும் வரும். பூச்சி மருந்துன்னா என்கிட்ட ஊசி இருக்கு, இப்பவே போடணும். ஆனா அந்த ஊசி வயித்தோட ஓட்டத்தக் கட்டிப்போட்டுடும். தீனி மிஞ்சி வந்த கோளாறா இருந்தா, அந்த ஊசியே மாட்டக் கொன்னுடும். வயித்தத் தொட்டா எனக்குத் தீனி மாதிரிதான் தோணுது. நீ இல்லங்குற. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க இன்னா இருக்குது சார்? எம் மாட்டுக்கு எவ்ளோ வச்சேன்னு எனக்குத் தெரியாதா?" அவன் குரல் உடைந்தது. "அந்தப் பொம்பள என்னமோ பண்ணிட்டா."

அவன் வேலிப் பக்கம் பாய்ந்தான். முனியப்பன் பின்னாலேயே ஓடினான். மாட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த நாலைந்து பால்காரர்களும் போட்டது போட்டபடி கூடிவிட்டார்கள். ஆதிகேசவன் முள்வேலியைப் பிடுங்கி எறிந்த சத்தம் இங்கே கேட்டது. டாக்டர் பெருமூச்சு விட்டுப் பையைத் திறந்தார். ஊசிக்குழலை எடுத்துத் துடைத்தார்.

லட்சுமம்மா கீரை அறுக்கும் அரிவாளோடு வெளியே வந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை. கன்னடத்தில் பிறந்து, தமிழ்ச் சந்தில் வாழ்ந்து, இரண்டையும் ஒரே வாயால் பேசுகிறவள். அத்தனை ஆண்களையும் பார்த்து அவள் ஒரு அடிகூடப் பின்னால் நகரவில்லை.

"மருந்து அடிச்சேன். இல்லேன்னு சொன்னேனா? பாத்திய நோடு, நல்லாப் பாரு. ஒரு எலைய ஏதாவது மாடு கடிச்சிருக்கா? மண்ணுல குளம்புத் தடம் இருக்கா? நோடு, நோடிட்டு அப்புறம் என் மேல கை வையி."

பாத்தி தலை வாரிவிட்டது போல இருந்தது. ஆதிகேசவன் ஒரு கணம் தடுமாறினான். "ராத்திரி வந்து தொட்டில போட்டிருப்ப," என்றான்.

லட்சுமம்மா அவனைத் தாண்டிப் பார்த்தாள். பிடுங்கிய வேலியின் இடைவெளி வழியே, கொட்டாயில் நிற்கிற முத்தம்மாவைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமல் சொன்னாள்: "நேத்து சாயங்காலம் உன் மாடு யாரு கிட்ட இருந்துச்சு, ஆதிகேசவா? அத உன் வீட்டுல கேளு. நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல."

டாக்டர் மருந்துக் குப்பியை உடைத்துவிட்டார். ஊசிக்குழல் நிறைந்துகொண்டிருந்தது. முத்தம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கொல்லைக்கு ஓடினாள். எருக்குழியில் இறங்கிச் சாம்பலைத் தள்ளிக் கூடையை இழுத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து டாக்டரின் பண்டிகை வேட்டி ஓரத்தில் அதை இறக்கினாள்.

"ஊசி போடாதீங்க சார். இதப் பாருங்க. காலைல நான்தான் ஒளிச்சேன்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடைக்குள் விரலை விட்டுக் கிளறினார். பருப்புத் தோலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். முந்திரியைப் பார்த்தார். ஊசிக்குழலைப் பைமேல் வைத்தார்.

ஆதிகேசவன் திரும்பி வந்து நின்றிருந்தான். "எவ்ளோ?" என்றான்.

"ரெண்டு தவல."

"ரெண்டும்?"

"ரெண்டும். நான்தான் வச்சேன். எங் கையால ஆச தீர வச்சேன்."

அவன் அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். முனியப்பன்கூட நடுவில் வர ஒரு காலை எடுத்து வைத்தான். ஆதிகேசவன் எதுவும் செய்யவில்லை. கொட்டாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான். அவளுக்கு அதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

டாக்டருக்கு இப்போது வேலை சுத்தமாகத் தெரிந்துவிட்டது. மளிகைக் கடையிலிருந்து சோடா உப்பு வரவழைத்து வெந்நீரில் கரைத்தார். மாட்டின் வாயில் எதை ஊற்றினாலும் தலையை அளவுக்கு மேல் தூக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று திட்டிக்கொண்டே தானே ஊற்றினார். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யச் சொன்னார். வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து ஆறு பேர் சேர்ந்து செம்பியைத் தூக்கி நிறுத்தினார்கள். நின்றதும் விலாவைப் பிசைய வேண்டும். முத்தம்மா ஒரு பக்கமும் முனியப்பன் ஒரு பக்கமுமாகப் பிசைந்தார்கள். ஆதிகேசவன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் இருந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை. ஏரியிலிருந்து குளித்துப் பொட்டு வைத்த மாடுகள் கழுத்துமணி குலுங்க வாசலைக் கடந்துபோயின.

வெயில் சாயும்வரை இப்படியே போயிற்று. கழிச்சல் குறைந்தது. கண் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் டாக்டர் விலாவில் காதை வைக்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினார். "உள்ள ஒண்ணும் அசையல. இரைப்பை செத்துப்போன மாதிரி கிடக்கு. சோடா புளிப்ப முறிக்கும், உசுரக் குடுக்காது. நல்லா அசை போடுற மாட்டு வாயிலேர்ந்து ஒரு வாய் அசை எடுத்து இது தொண்டையில போடணும். அப்பதான் உள்ள மறுபடி வேலை நடக்கும். இந்தச் சந்துல பொங்கல் திங்காத மாடு எது?"

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மாட்டுப் பொங்கல் சாயங்காலத்தில் தமிழன் கொட்டாயில் பொங்கல் தின்னாத மாடு ஏது? முனியப்பன் வாயைத் திறந்தான். குதிரை அசை போடாது என்று டாக்டரே முந்திக்கொண்டார். பிறகு எல்லார் கண்ணும் தானாகவே வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. லட்சுமம்மாவின் கறுப்பு மாடு புங்கமரத்தடியில் படுத்து, கண்ணை மூடிச் சொகுசாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குச் சங்கராந்தி முந்தின நாளே முடிந்துவிட்டது. எள்ளும் வெல்லமும் அவள் தின்றாள். மாட்டுக்கு என்றைக்கும் போலத் தாளும் புல்லும்தான்.

ஆதிகேசவன் போனான். வேறு வழியில்லை. பிடுங்கிப் போட்ட முள்ளை மிதித்துக்கொண்டு நின்றான். கேட்க வந்ததை இரண்டு தடவை விழுங்கிவிட்டு மூன்றாவது தடவை கேட்டான்.

லட்சுமம்மா தன் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அசையைக் கொடுத்தால் கொடுத்த மாட்டின் பசியும் கூடவே போய்விடும், சீக்கும் இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் ஊர்ப் பக்கம் பயம் உண்டு. அவளுக்கும் இருந்தது ஒரே மாடுதான்.

"தப்பாச்சுன்னு சொல்ல பேடா, வாயால வேணாம்," என்றாள் கடைசியில். "வேலியக் கட்டு. முதல்ல அது."

அவன் குனிந்து கட்டினான். ஒவ்வொரு கிளையாகப் பொறுக்கி, கத்தாழை நாரால் இறுக்கினான். முள் உள்ளங்கையில் ஏறியது, பிடுங்கிவிட்டுக் கட்டினான். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் பொழுதைப் பார்த்தார். ஒரு ஆள் நுழைகிற வழி மட்டும் மிச்சம் இருந்தபோது லட்சுமம்மா, போதும் என்றாள்.

"என் கறுப்பி ஆம்பள கைய வாயில வுடாது. கடிச்சுடும். உன் பெஞ்சாதி வரட்டும்."

ஆதிகேசவன் நிமிர்ந்தான். "அவ கை..." என்று ஆரம்பித்தான்.

"அவ கைக்கு ஏனு? என்ன ஆச்சு?"

பின்னால் செம்பி முனகியது கேட்டது. அவன் ரத்தம் கசிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, முத்தம்மாவின் முகத்தைப் பார்த்தான். "போ," என்றான். "நீயே எடுத்துக்கினு வா."

கறுப்பி புதுக் கையைக் கண்டு புஸ்ஸென்று மூச்சுவிட்டது. லட்சுமம்மா அதன் தாடையைச் சொறிந்துகொண்டே, இப்ப இல்ல, இப்ப இல்ல என்று முத்தம்மாவை நிறுத்தி வைத்தாள். கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரிந்தது. "இப்ப," என்றாள். முத்தம்மா நாலு விரலைக் கடைவாய்க்குள் விட்டாள். நாக்கு அரம் போல உரசியது. உள்ளே கொதிக்கிற சூடு. பச்சைத் தாளின் வாசனையோடு ஒரு உருண்டை அவள் விரல்களில் வந்தது. முந்தானையில் பொத்திக்கொண்டு ஓடினாள். டாக்டர் செம்பியின் வாயைப் பிளந்து நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, அவள் முழங்கை வரை கையை விட்டு அடிநாக்கில் அதை வைத்தாள். மூன்று தடவை அந்த வழியாகப் போய் வந்தாள். மூன்றாவது தடவை கறுப்பி தானாகவே வாயைக் கொடுத்தது.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. கூட்டம் கலைந்தது. ஜோசஃபின் டீச்சர் வாசல்வரை வந்து, தன் பாயசமும் அதில் இருந்தது என்று அழுதுவிட்டுப் போனாள். கோமுட்டி வீட்டில் விசாரித்ததற்கு, தாங்கள் ஒரு கரண்டிக்கு மேல் போடவே இல்லை என்று சாதித்தார்களாம். பசு செத்தால் பாவம் யார் கணக்கில் ஏறுவது? முத்தம்மா செம்பியின் பக்கத்தில் குந்திக்கொண்டு அதன் கழுத்தையே பார்த்தாள். ஆதிகேசவன் எதிர்ப்பக்கம் குந்தியிருந்தான். நடுவில் மாடு. எரு மூட்டத்துப் புகை கண்ணைக் கரித்தது. ஆளுக்கொரு தடவை புகையைச் சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரம். செம்பியின் வயிற்றில் ஏதோ புரண்டது. ஒரு ஏப்பம் வந்தது, புளிப்பு நாற்றத்தோடு. அடிக்கழுத்தில் ஒரு கட்டி தோன்றி, தயங்கி, மேலே ஏறியது. செம்பி வாயை மூடியபடி கொஞ்ச நேரம் இருந்தது, வாய்க்குள் வந்தது என்ன என்று அதற்கே மறந்துவிட்ட மாதிரி. பிறகு கீழ்த்தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தது.

டாக்டர் எழுந்து வேட்டியைத் தட்டினார். வேட்டி இனிப் பண்டிகைக்கு ஆகாது. நாளைக்கு ஒன்றும் வேண்டாம், நாளை மறுநாள் காலையில் ஒரு பிடி ராகித் தாள், ஒரே ஒரு பிடி, பாவம் பார்த்து இன்னொரு பிடி வைத்தீர்களோ என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். முத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அதே முந்தானைதான். அசையின் பச்சை வாசனை அதில் அப்படியே இருந்தது.

டாக்டர் சொன்ன அந்த நாள் காலையில் அவள் சாணிக் கூடையோடு கொட்டாய்க்கு வந்தபோது செம்பி நின்றுகொண்டிருந்தது. எலும்பு துருத்தி, வயிறு ஒட்டி, ஆனால் நாலு காலில். ஆதிகேசவன் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். இன்னும் சில நாளைக்குப் பால் வராது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். தவலையில் இனிச் சோறு போடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாளை நறுக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்தான். தொட்டி மட்டும் காலியாக இருந்தது. அவன் அந்தத் தொட்டியைக் காலியாக விட்டுப் போன நாள் அவளுக்கு நினைவில் இல்லை.

"தாள் போடலீங்களா?" என்றாள்.

அவன் படலைத் திறந்தான். திரும்பாமலே, "டாக்டர் ஒரு பிடின்னாரு," என்றான். போய்விட்டான்.

முத்தம்மா கூடையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். அவள் கைக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு, ஒரு தாள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தொட்டியில் போட்டாள். செம்பி மென்று விழுங்கியது. தொட்டியின் அடியை நக்கியது. பிறகு அன்றைக்குப் போலவே கழுத்தை நீட்டி அவள் மணிக்கட்டை நக்க ஆரம்பித்தது. அந்தச் சொரசொரப்பான நாக்குக்கு அவள் உடம்பெல்லாம் குழைந்தது. குவியல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"போதும்டி," என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். செம்பி கயிறு இழுபடக் கத்தியது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு சாணி வாரப் போனாள்.